எக்ஸோஜன்: விண்வெளி அயனி ஒன்றுக்குப் பெயர் கிடைத்த கதை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சென்ற பருவத்தில் நம் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வாய்த்த சோதனை, கீற்றணியையும் நிறமாலைமானியையும் கொண்டு பாதரச ஆவி விளக்கின் நிறமாலைக் கோடுகளை அளப்பதாகும். பச்சைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. நீலமும் தெரிந்தது. மஞ்சள் நிறத்தில் இரண்டு கோடுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஆனால் நூலில் 5770, 5791 ஆங்ஸ்ட்ராம் என்று இரண்டு எண்கள் இருந்தன. மணி அடிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. அந்த இரண்டு எண்களுக்கும் பொருந்துமாறு கோண அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, குறிப்பேட்டில் எழ்தி நீட்டிவிட்டேன்.

ஆசிரியர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “ஏம்மா, மஞ்சள் கோடு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்ததா?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் கடிந்துகொள்ளவும் இல்லை. “ஒன்றுதான் தெரிந்தது என்று எழுதியிருந்தால் அது அளவீடு. இது அளவீடு அன்று. எக்ஸோஜன் என்று ஒன்று உண்டு, நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வா” என்றார்.

தேடிப் படித்தேன். படித்ததை என் சக மாணவ மாணவியருக்கும் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

அயனி என்பது யாது?

அணுவோ மூலக்கூறோ தன் எலக்ட்ரான்களில் ஒன்றை இழந்தாலும், வெளியிலிருந்து ஒன்றைப் பெற்றாலும், அதற்கு மின்னூட்டம் உண்டாகிறது. அதுவே அயனி. இழந்தால் நேர் அயனி. பெற்றால் எதிர் அயனி.

மீஞ்சூர்க்காரர்களுக்கு அயனியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதை நாங்கள் நாக்கிலேயே அறிவோம். ஆரணியாறு, கொசத்தலையாற்றுப் படுகையில் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகளாக அளவுக்கு மிஞ்சி இறைத்ததால், கடல் நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்து எங்கள் பகுதிக் கிணறுகள் உப்புக் கரித்துப் போயின. அந்தக் கரிப்பு சோடியம் நேர் அயனியும் குளோரைடு எதிர் அயனியும் தருவது. காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தயாரிக்கும் திறனோடு இயங்கி வருகிறது. அங்கே நடப்பதும் இந்த அயனிகளை நீரிலிருந்து பிரித்தெடுக்கும் வேலைதான்.

நீரில் கரைந்த அயனிகள் எங்கும் உண்டு. ஆனால் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில், வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் பத்துக் கெல்வின் அளவே உள்ள இருண்ட மேகங்களில் அயனிகள் இருக்க முடியுமா? இருந்தால் யார் போய்ப் பார்த்தார்கள்?

சுழலும் மூலக்கூறு பாடும் பாட்டு

என் தந்தையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கான மோட்டார் பம்புகளைப் பழுது பார்ப்பவர். ஓடுகிற மோட்டாரின் ஓசையைக் கேட்டே உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கண்ணால் காணாத ஒன்றை அதன் சுழற்சி எழுப்பும் ஒலியால் அறிவது அவருக்கு அன்றாட வேலை. விண்வெளி மூலக்கூறுகளை அறிவதும் ஏறக்குறைய இதே முறையில்தான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

மூலக்கூறு ஒன்று தன் அச்சில் சுழல்கிறது. பம்பரத்தைப் போல விரும்பிய வேகத்தில் எல்லாம் அது சுழல முடியாது. குவாண்டம் கொள்கையின்படி அதற்குச் சில குறிப்பிட்ட சுழற்சி நிலைகளே அனுமதிக்கப்பட்டுள்ளன. படிக்கட்டில் ஏறுபவர் முதற் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம், நடுவே நிற்க முடியாது. அதுபோலவே இதுவும். மேல் நிலையிலிருந்து கீழ் நிலைக்கு மூலக்கூறு இறங்கும்போது, இரு நிலைகளுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு ஒரு மின்காந்த அலையாக வெளிப்படுகிறது. அந்த அலையின் அதிர்வெண் மூலக்கூறின் நிலைமத் திருப்புத்திறனைப் பொறுத்தது. அதாவது, எத்தனை நிறையுள்ள அணுக்கள் எவ்வளவு தூரத்தில் பிணைந்துள்ளன என்பதைப் பொறுத்தது. அணுக்கள் மாறினால் அதிர்வெண் மாறும். பிணைப்பின் நீளம் சிறிது மாறினாலும் அதிர்வெண் மாறும். ஆகவே இரு வேறு மூலக்கூறுகளின் சுழற்சி நிறமாலை ஒன்றுபோல இருப்பதில்லை.

நேர்கோட்டு வடிவுடைய மூலக்கூறாயின் இந்த நிறமாலை மிக எளிமையானது. கோடுகள் ஏறக்குறையச் சம இடைவெளியில் அமையும். கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொள்வோம். அதன் முதற் கோடு 115.271 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவது 230.538, மூன்றாவது 345.796. ஒன்று, இரண்டு, மூன்று என்று மடங்குகளாக ஏறுவதைக் காணலாம். சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று இல்லாமல் ஒரு மயிரிழை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விளைவால் மூலக்கூறு சிறிது நீள்கிறது. இராட்டினத்தில் வேகம் கூடக் கூடத் தொங்கும் இருக்கைகள் வெளியே விரிவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மூலக்கூறு அதிர்கிறது, அதன் எலக்ட்ரான்கள் நிலை மாறுகின்றன, அவற்றையெல்லாம் விட்டுச் சுழற்சியை மட்டும் ஏன் தேட வேண்டும்? விடை குளிரில் இருக்கிறது. அதிர்வைத் தூண்ட ஆயிரக்கணக்கான கெல்வினுக்கு ஈடான ஆற்றல் வேண்டும். சுழற்சியின் முதற் படியை எட்டவோ நான்கைந்து கெல்வினுக்கு ஈடான ஆற்றலே போதும். பத்துக் கெல்வின் மேகத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்று வந்து மோதுவதே அதற்குப் போதுமானது. வேறெல்லாம் உறைந்து கிடக்கும் இடத்திலும் சுழற்சி மட்டும் நிற்பதில்லை. அது வெளியிடும் மில்லிமீட்டர் அலைகள், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துவிடும் தூசுப் படலத்தையும் கடந்து நம்மை வந்தடைகின்றன.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மூலக்கூறில் நேர்மின் மையமும் எதிர்மின் மையமும் விலகியிருக்க வேண்டும். அதாவது அதற்கு இருமுனைத் திருப்புத்திறன் வேண்டும். ஹைட்ரஜன், நைட்ரஜன் போன்று இரண்டு ஒத்த அணுக்களால் ஆனவற்றுக்கு அது இல்லை. எனவே அவை சுழன்றாலும் இவ்வகை அலையை வெளியிடுவதில்லை. (இத்தகைய மூலக்கூறுகளின் சுழற்சியையும் ஆய்வுக்கூடத்தில் அளக்க வழி காட்டியது, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-இல் கண்ட ராமன் விளைவு என்பதை நாம் பெருமையோடு நினைவு கூரலாம்.)

1970: ஊர் பேர் தெரியாத கோடு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் பீக் என்னும் மலை உள்ளது. அங்கே 36 அடி விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்து வந்தது. 1970-ஆம் ஆண்டு டேவிட் புல், லூயிஸ் ஸ்னைடர் என்னும் இருவர் அத்தொலைநோக்கியால் 89.190 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வலிமையான ஒரு கோட்டைக் கண்டனர். அலைநீளம் ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர். ஓரியன் மேகம் முதலான பல இடங்களில் அது தெரிந்தது. ஆகவே கருவியின் பிழையன்று. ஆனால் அதுவரை ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டிருந்த எந்த மூலக்கூறுக்கும் அந்த அதிர்வெண் பொருந்தவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? பட்டியலில் அருகே இருந்த ஏதேனும் ஒரு மூலக்கூறின் பெயரை அதற்குச் சூட்டிவிடவில்லை. “அடையாளம் காணப்படாத கோடு” என்றே அறிவித்தனர். பேசுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று ‘எக்ஸோஜன்’ என அழைத்தனர். பூமிக்கு அப்பால் தோன்றியது என்பதே அதன் பொருள். இயற்கணிதத்தில் தெரியாத ஒன்றுக்கு நாம் எக்ஸ் என்று பெயரிடுவதை ஒத்தது இது.

அதே 1970-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்து வேதியியலாளர் வில்லியம் கிளெம்பரர் ஒரு கருத்தை வெளியிட்டார். ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் என்ற மூன்று அணுக்களும் ஒரே வரிசையில் பிணைந்து, மொத்தத்தில் ஓர் எலக்ட்ரான் குறைவாக உள்ள எச்.சி.ஓ. நேர் அயனியே எக்ஸோஜன் என்றார். ஃபார்மைல் அயனி என்றும் இதைச் சொல்வர். பிணைப்புகளின் நீளத்தை மதிப்பிட்டுக் கணக்கிட்டால் முதற் சுழற்சிக் கோடு 89 கிகாஹெர்ட்ஸ் அருகே வர வேண்டும் என்பது அவரது வாதம்.

கணக்குப் பொருந்தியது. ஆனாலும் விஞ்ஞான உலகம் உடனே தலையசைத்துவிடவில்லை. ஏன்?

ஐந்தாண்டு ஐயம்

முதற் காரணம், கோடு ஒன்றே ஒன்று. கார்பன் மோனாக்சைடுக்குச் சொன்னது போல, இரண்டாம் கோடு 178 கிகாஹெர்ட்ஸ் அருகிலும், மூன்றாம் கோடு 267 கிகாஹெர்ட்ஸ் அருகிலும் தெரிந்திருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. அந்த அதிர்வெண்களில் கூர்மையாகக் கேட்கும் கருவிகள் அக்காலத்தில் கைக்கு எட்டவில்லை. ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மூலக்கூறைச் சொல்வது, ஒரே ஒரு ரேகையை வைத்துக்கொண்டு ஆளைச் சொல்வது போன்றது.

இரண்டாவது காரணம், மேகங்களின் ஓட்டம். மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். கூடூர் மார்க்கத்தில் நிற்காமல் போகும் விரைவு வண்டியின் ஊதல், நெருங்கி வரும்போது கீச்சென்றும் தாண்டிப் போனபின் தணிந்தும் கேட்கும். டாப்ளர் விளைவு எனப் படித்திருக்கிறோம். மேகம் விநாடிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 89 கிகாஹெர்ட்ஸ் கோடு ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் இடம் பெயரும். அதே மேகத்திலுள்ள, நன்கு தெரிந்த பிற மூலக்கூறுகளின் கோடுகளைக் கொண்டு மேகத்தின் வேகத்தை அறிந்து, அதைக் கழித்த பிறகே உண்மையான அதிர்வெண்ணைச் சொல்ல முடியும். அதிலும் சிறிது ஐயம் எஞ்சும்.

மூன்றாவது காரணமே பெரிது. அதற்குமுன் விண்வெளியில் உறுதியாக அறியப்பட்ட மூலக்கூறு அயனி ஒன்றுதான். சி.எச். நேர் அயனி. விண்மீன் ஒளியில் தெரிந்த சில கோடுகள் யாருடையவை என்று தெரியாமல் இருந்து, 1941-இல் டக்ளஸ், ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் ஆய்வுக்கூடத்தில் அதே கோடுகளை உண்டாக்கிக் காட்டிய பின்னரே அதற்குப் பெயர் கிடைத்தது. ஆனால் அது விண்மீன் ஒளி ஊடுருவும் மெல்லிய வாயுவில் உள்ளது. ஒளியே புகாத இருண்ட மேகத்தில் எலக்ட்ரானைப் பறிப்பது எது?

இதற்கான விடை 1973-இல் வந்தது. எரிக் ஹெர்ப்ஸ்ட், கிளெம்பரர் இருவரும் மேகத்தின் வேதியியலை முறைப்படி வகுத்தனர். ஒளி புகாத இடத்திலும் காஸ்மிக் கதிர்கள் புகும். அவை ஹைட்ரஜன் மூலக்கூறின் ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகின்றன. அவ்வாறு உண்டான அயனி மற்றொரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதி, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட அயனியாகிறது. அது கார்பன் மோனாக்சைடைச் சந்தித்தால் தன்னிடமுள்ள ஒரு புரோட்டானை அதற்குக் கொடுத்துவிடுகிறது. கிடைப்பது எச்.சி.ஓ. நேர் அயனி! சாதாரண வேதி வினைகளைத் தொடங்கிவைக்க வெப்பம் வேண்டும். அயனிகள் பங்குபெறும் இத்தகைய வினைகளுக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. அயனியின் மின்னூட்டம் அண்டை மூலக்கூறைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. எனவே கடுங்குளிரிலும் அவை நடக்கின்றன.

அதே 1973-இல், அயனியின் வடிவைக் குவாண்டம் கொள்கைப்படி கணக்கிட்டவர்களும் கிளெம்பரரின் கருத்துக்கு ஆதரவாக எழுதினர். கணக்கு ஆதரவு தந்தது. வேதியியல் வழி காட்டியது. ஆயினும் அந்த அயனியை எவரும் அதுவரை ஆய்வுக்கூடத்தில் அளந்ததில்லை.

1975: குழாய்க்குள் ஒரு வானம்

ஆய்வுக்கூடத்தில் அயனியை உண்டாக்குவது பெரிதன்று. நிறுத்தி வைப்பதே பெரிது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில், 25-ஐ எழுதி அதன்பின் 18 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. அடர்ந்த விண்மேகம் எனப்படுவதில் சில ஆயிரம் முதல் சில இலட்சம் வரையே. அங்கே அயனி அடுத்த மோதலுக்கு நெடுநேரம் காத்திருக்கும். இங்கேயோ பிறந்த கணத்திலேயே எதனோடாவது மோதி மறைந்துவிடும்.

விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் கிளாட் வுட்ஸ், டிக்சன், சேக்கலி, சாண்டோ ஆகியோர் இதைச் செய்து காட்டினர். இவர்களுள் ரிச்சர்டு சேக்கலி அப்போது ஆராய்ச்சி மாணவர் என்பதை மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவை மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, திரவ நைட்ரஜனால் குளிரச் செய்து, அதனூடே மின்னிறக்கம் நிகழ்த்தினர். அந்த ஒளிரும் வாயுவின் ஊடாக மைக்ரோ அலையைச் செலுத்தி, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போய், எந்த அதிர்வெண்ணில் அலை உறிஞ்சப்படுகிறது என்று தேடினர்.

89,188.5 மெகாஹெர்ட்ஸில் கோடு கிடைத்தது. வானில் கண்ட கோட்டின் அதிர்வெண்ணோடு அது ஒத்தது. 1975-இல் முடிவு வெளியாயிற்று. எக்ஸோஜனுக்குப் பெயர் கிடைத்தது.

சாதாரணக் கார்பனுக்கு மாற்றாக நிறை 13 கொண்ட கார்பன் ஐசோடோப்பு அமைந்தால், அயனி சிறிது கனத்துக் கோடு 86.754 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அந்தக் கோடும் பின்னர் விண்வெளியில் தென்பட்டது. கருவிகள் வளர்ந்தபின் 178, 267 கிகாஹெர்ட்ஸ் கோடுகளும் கிடைத்தன. இவ்வாறு சாட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

மூன்றாகப் பிரிந்த கோடு

எக்ஸோஜனுக்குப் பெயர் கிடைப்பதற்கு ஓராண்டு முன்பே மற்றொரு புதிர் முளைத்தது. 1974-இல் பாரி டர்னர் 93.174 கிகாஹெர்ட்ஸில் பெயர் தெரியாத கோடு ஒன்றைக் கண்டார். ஆனால் இது தன் அடையாளச் சீட்டைத் தானே கொண்டு வந்தது. உற்றுப் பார்த்தால் அது ஒரு கோடன்று, நெருங்கிய மூன்று கோடுகள். நைட்ரஜன் அணுவின் உட்கருவுக்குள்ள தற்சுழற்சி, மூலக்கூறின் சுழற்சியோடு இணைவதால் இத்தகைய பிளவு உண்டாகும். ஆகவே உள்ளே நைட்ரஜன் இருக்கிறது என்பது தெரிந்தது. கிரீன், மான்ட்கோமரி, தாடியஸ் ஆகியோர் அதே ஆண்டிலேயே இது இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்ட நேர் அயனி என்று கணித்துக் கூறினர். மேலும் நுணுகிப் பார்த்தபோது மூன்றும் ஏழாகப் பிரிந்தன. இரண்டாவது நைட்ரஜனின் கைவேலை அது. விஸ்கான்சின் குழுவினர் 1976-இல் இதையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து உறுதி செய்தனர்.

இதைப் படித்தபோது என் மஞ்சள் கோடுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. நெருங்கிய கோடுகளைப் பிரித்துப் பார்ப்பது மதிப்பெண்ணுக்கான சடங்கு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அந்தப் பிளவில்தான் பொருளின் அடையாளமே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த அயனியால் இன்னொரு நன்மையும் விளைந்தது. நைட்ரஜன் மூலக்கூறு தானாக ரேடியோ அலை வெளியிடாது என்று மேலே கண்டோம். ஒரு புரோட்டான் ஒட்டிக்கொண்டதும் இருமுனைத் திருப்புத்திறன் வந்துவிடுகிறது. ஊமையாக இருந்தது பேசத் தொடங்குகிறது. இருண்ட மேகங்களில் நைட்ரஜன் எங்கே உள்ளது என்பதை இன்று இந்த அயனியைக் கொண்டே ஊகிக்கிறார்கள்.

இவ்வினைகளுக்கெல்லாம் தாயான மூன்று ஹைட்ரஜன் அயனியோ சமபக்க முக்கோண வடிவினது. எனவே அதற்குச் சுழற்சிக் கோடு கிடையாது. அதன் அதிர்வுக் கோடுகளை ஆய்வுக்கூடத்தில் 1980-இல் டக்கேஷி ஓக்கா அளந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1996-இல், கெபாலும் ஓக்காவும் அகச்சிவப்பு அலைகளில் அதை விண்மேகங்களில் கண்டனர்.

நீண்ட காத்திருப்புகள்

காத்திருப்பில் எக்ஸோஜனை விஞ்சியவையும் உண்டு. சிங்க ராசிப் பகுதியிலுள்ள ஐ.ஆர்.சி.+10216 என்னும் முதிர்ந்த விண்மீனைச் சுற்றியுள்ள வாயுவில், ஜப்பானின் நோபெயாமா 45 மீட்டர் தொலைநோக்கியால் கவாகுச்சி குழுவினர் கண்ட கோடுகள் 1995-இல் வெளியாயின. சம இடைவெளியில் அமைந்திருந்ததால் அவை ஒரே மூலக்கூறுக்கு உரியவை என்பது தெரிந்தது. எந்த மூலக்கூறு என்பது தெரியவில்லை. 2006-இல் மெக்கார்த்தி, காட்லீப், குப்தா, தாடியஸ் ஆகியோர் ஆறு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்ட எதிர் அயனியை ஆய்வுக்கூடத்தில் அளந்து, அந்தக் கோடுகள் அதனுடையவை எனக் காட்டினர். விண்வெளியில் அறியப்பட்ட முதல் எதிர் மூலக்கூறு அயனி அதுவே.

ஹீலியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த நேர் அயனி ஆய்வுக்கூடத்தில் 1925-இலேயே அறியப்பட்டது. அண்டத்தில் முதன்முதல் உண்டான மூலக்கூறு அதுவாகவே இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஆனால் அதன் முதற் சுழற்சிக் கோட்டின் அலைநீளம் 0.149 மில்லிமீட்டர். நம் வளிமண்டலத்து நீராவி அதைத் தரைக்கு வரவிடாது. தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றிப் பறந்த சோஃபியா என்னும் ஆய்வகத்தின் மூலம், என்.ஜி.சி. 7027 என்னும் நெபுலாவில் அது கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2019-இல் வெளியாயிற்று. இடையில் கழிந்தவை 94 ஆண்டுகள்!

நம் நாட்டில்

இத்துறையில் நம் நாடு எங்கே நிற்கிறது என்று அறிய விழைவது இயல்பு. புல், ஸ்னைடர் இருவரும் எக்ஸோஜனைக் கண்ட அதே 1970-இல்தான், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. மலைச் சரிவின் சாய்வையே பயன்படுத்தி அமைத்த அருமையான கருவி அது. ஆனால் அது கேட்பது ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் அலைநீளத்தை. மூன்று மில்லிமீட்டர் அலைகளுக்கு வேறு வகைத் தொலைநோக்கி வேண்டும். கிண்ணத்தின் பரப்பு மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவுக்கும் மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். காற்றும் வறண்டதாக இருத்தல் வேண்டும். ஆயினும் எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணு மீண்டும் ஒரு எலக்ட்ரானைப் பெறும்போது எழும் கோடுகளை உதகைத் தொலைநோக்கி கொண்டு நம்மவர்கள் ஆராய்ந்துள்ளனர்.

பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் 10.4 மீட்டர் விட்டமுள்ள மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கி ஒன்று முன்பு இயங்கியது. எச்.சி.ஓ. அயனியின் கோட்டுக்கு அண்மையிலுள்ள 86 கிகாஹெர்ட்ஸில், முதிர்ந்த விண்மீன்களைச் சூழ்ந்த சிலிக்கன் மோனாக்சைடை அதைக் கொண்டு ஆராய்ந்தனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஈ. அருணன் குழுவினர், மூலக்கூறுகளின் சுழற்சியை மைக்ரோ அலையால் அளக்கும் நிறமாலைமானியை அமைத்து, 2002-இல் அதுபற்றி எழுதினர். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 2011-இல் அனைத்துலக வேதியியல் சங்கம் ஏற்ற புதிய வரையறையை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இதனால் என்ன பயன்?

என் தாயாருக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, “அது யாருன்னு தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப் போகுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் சூரியனும் ஒரு காலத்தில் இத்தகைய குளிர்ந்த மேகத்திலிருந்தே பிறந்தது. மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கினால்தான் விண்மீன் உண்டாகும். ஆனால் மேகத்தை ஊடுருவும் காந்தப்புலம் அச்சுருக்கத்தைத் தடுக்கிறது. மின்னூட்டமற்ற மூலக்கூறுகளைக் காந்தப்புலம் நேராகப் பிடிக்க முடியாது. அயனிகளைப் பிடித்துக்கொண்டே மேகம் முழுவதையும் பிடித்திருக்கிறது. எச்.சி.ஓ. அயனி நூறு கோடி ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் உள்ளது. அத்தனை அரிய ஒன்றை எண்ணினால், மேகம் சுருங்குமா, சுருங்காதா என்பதை மதிப்பிட முடிகிறது. நாம் எப்படி உண்டானோம் என்ற கேள்விக்கு இது ஒரு சிறு விடை. அம்மாவுக்கு இது முழுதும் மனநிறைவு தந்ததாகச் சொல்ல மாட்டேன். “எண்ணினவங்க பொறுமைசாலிங்கதான்” என்றார்.

முடிவாக

இன்று விண்வெளியில் முந்நூறுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் அயனிகளும் பல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரே ஒழுங்கு இருக்கிறது. வானில் கோடு, தாளில் கணக்கு, ஆய்வுக்கூடத்தில் அளவீடு. மூன்றும் ஒத்தால் பெயர். அதுவரை, எவ்வளவு பெரிய அறிஞர் சொன்னாலும் அது கருத்துதான். கிளெம்பரர் சொன்னது முதல் நாளிலிருந்தே சரியானது. இருந்தும் ஐந்தாண்டு காத்திருந்தார்கள்.

என் தந்தையாரும் இதே கட்சி. ஓசையைக் கேட்டதும், “பேரிங்தான் போயிருக்கும்” என்பார். உடனே, “ஆனா கழட்டிப் பார்க்காம காசு கேக்க மாட்டேன்” என்றும் சொல்வார். உப்பு நீர் அரித்த மோட்டார்களைக் கழற்றிக் கழற்றி அவர் கையில் படிந்த பழக்கம் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற அவர் தவறாமல் செய்வதை, இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் நான் அன்று செய்யத் தவறினேன்.

அடுத்த வாரம் ஆசிரியரிடம் அனுமதி பெற்றுச் சோதனையை மீண்டும் செய்தேன். பிளவைத் தேவைக்கு மேல் அகலமாகத் திறந்து வைத்திருந்ததே பிழை. மெல்ல மெல்லக் குறுக்கிக்கொண்டு வந்தபோது, தடித்த ஒரே மஞ்சள் கோடு நடுவே இருள் விழுந்து இரண்டாகப் பிரிந்தது. இரு பக்கமும் வெர்னியர் அளவெடுத்துக் கணக்கிட்டேன். 5761, 5785 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தன. நூலில் உள்ள எண்கள் இவை அல்ல. ஆயினும் இவற்றைத்தான் எழுதினேன். ஆசிரியர் பிழைச் சதவீதத்தைக் கணக்கிடச் சொல்லி, அதன் கீழே கையொப்பம் இட்டார்.